அளவெடுக்க மறந்த மகள்

மகனின் உயரத்துக்காகத்தான் மருத்துவரிடம் போனோம். அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது முடிந்து பத்து மாதம். வகுப்பு வரிசையில் முதல் ஆளாக நிற்கிறான், கபடிக்குச் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள், பக்கத்து வீட்டுப் பையனுக்கு மீசை அரும்பிவிட்டது என்று வீட்டில் ஓராண்டாகவே பேச்சு. "ஆம்பளப் புள்ளைக்கு ஒசரம் இல்லன்னா நாளைக்கு யாரு மதிப்பா? செலவ பாக்காத, கூட்டிட்டுப் போய்க் காட்டு" என்று அத்தை தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். என் இணையருக்கு ஒரகடத்தில் வாகன உதிரிபாக ஆலையில் வேலை. அவருக்கு ஷிப்ட் இல்லாத ஒரு சனிக்கிழமை பிள்ளைப்பாக்கத்திலிருந்து சென்னைக்குக் கிளம்பினோம். அத்தை ஊருக்குப் போயிருந்ததால் மகளை விட்டுவிட்டுப் போக ஆளில்லை. அதனால் அவளும் வந்தாள்.

மருத்துவர் மகனை அளந்தார். 143 செ.மீ. வரைபடத்தில் புள்ளி வைத்தார். புள்ளி கீழ்ப்பக்கம்தான், ஆனால் கோடுகளுக்குள் இருந்தது. இணையரிடம் சில கேள்விகள் கேட்டார். அவரும் பத்தாம் வகுப்புக்குப் பிறகுதான் வளர்ந்தவர். "உங்கள மாதிரியே இவனும் லேட்டா வளர்வான். மருந்து எதுவும் வேண்டாம்" என்றார். நாங்கள் எழுந்தோம். அப்போதுதான் அவர் என் மகளைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து, தரையைத் தொடாத கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"இவ எந்த கிளாஸ்?"

"அஞ்சாவது, டாக்டர். பத்து வயசு முடிஞ்சு நாலு மாசம்."

"இங்க வந்து நில்லும்மா."

119 செ.மீ. வரைபடத்தின் கடைசிக் கோட்டுக்கும் கீழே வெறும் தாளில் விழுந்தது புள்ளி. திரைக்குப் பின்னால் அவளைப் பரிசோதித்துவிட்டு வந்த மருத்துவர், பருவம் அடைவதற்கான முதல் அறிகுறி தொடங்கிவிட்டது என்றார். பிறகு, "பழைய உயரக் கணக்கு ஏதாவது வச்சிருக்கீங்களா? வருஷத்துக்கு எவ்வளவு வளர்ந்திருக்கான்னு பாக்கணும்" என்று கேட்டார்.

மகனுக்குக் கணக்கு இருந்தது. எங்கள் வாடகை வீட்டின் அறைக் கதவு நிலையில் அவனுடைய ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் இணையர் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதியிருக்கிறார். மகளுக்கு ஒரு கோடுகூட இல்லை. "உன்ன மாதிரி" என்று எல்லோரும் சொன்னார்கள். நான் 148 செ.மீ. அதில் எனக்கும் ஒரு சமாதானம் இருந்தது. பள்ளியில் வரலாறு சொல்லித்தருகிறவள், மேடைகளில் பெண் உரிமை பேசுகிறவள், நானும் ஒரு கோடு போடவில்லை.

ரத்தப் பரிசோதனைகளுக்கான சீட்டுகளோடு திரும்பினோம். அடுத்த சில வாரங்களில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது: வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடுவதா, வேண்டாமா. பயம் வந்தால் பழையதைத் தேடிப் படிப்பது என் வழக்கம். அப்படித் தேடியதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அளவுகோலின் கதை

ஒரு குழந்தையின் வளர்ச்சியைத் தொடர்ந்து அளந்து எழுதிய மிகப் பழைய பதிவாக வரலாற்றாசிரியர்கள் காட்டுவது பிரெஞ்சுக்காரரான மான்பெயார் பிரபு எழுதியதை. 1759 முதல் 1777 வரை, பிறந்தது தொட்டுப் பதினெட்டு வயது வரை, தன் மகனை அவர் அளந்தார். அந்தக் கணக்கை இயற்கை அறிஞர் பஃபோன் வெளியிட்டார். இதைப் படித்தபோது எங்கள் கதவு நிலைதான் நினைவுக்கு வந்தது. முதல் கணக்கே ஒரு மகனுடையது.

பிரபுவின் வீட்டில் தொடங்கிய அளவுகோல் அடுத்து ஆலைக்குப் போனது. 1833-இல் பிரிட்டனில் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. ஒன்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை நெசவாலைகளில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. ஆனால் இங்கிலாந்தில் அரசின் பிறப்புப் பதிவே 1837-இல்தான் தொடங்கியது. எதிரில் நிற்கும் குழந்தைக்கு ஒன்பது வயதா என்று எப்படித் தெரியும்? அந்த வயதுக்குரிய சாதாரண பலமும் தோற்றமும் இருக்கிறது என்று மருத்துவர் சான்று கொடுத்தால் போதும் என்றது சட்டம். அதே ஆண்டு விசாரணைக் குழுவினர் மான்செஸ்டர், ஸ்டாக்போர்ட் ஆலைக் குழந்தைகளின் உயரத்தை அளந்தார்கள். 1837-இல் எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர், உயரத்தைவிடப் பல்லே வயதுக்கு நம்பகமான சாட்சி என்று எழுதினார். ஒரு பெண் குழந்தை நன்றாக வளர்ந்திருக்கிறாளா என்ற கேள்வி அவர்களுக்கு முக்கியமாக இருக்கவில்லை. வேலைக்கு ஆவாளா என்பதே கேள்வி. இந்தியாவில் 1881-இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதையே வரம்பாக வைத்தது. 1891-இல் அது ஒன்பதானது.

இந்த அளவுகோலை நானும் சந்தித்திருக்கிறேன். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை தொடங்கிய பிறகு இந்தப் பக்கமெல்லாம் இளம்பெண்களைத் தேடித்தேடி வேலைக்கு எடுத்தார்கள். 2007-இல் பட்டப்படிப்பு முடித்திருந்த நான், ஒரு தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனேன். சுவரில் 150 செ.மீ. உயரத்தில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொருத்தியாக அதன் கீழே நிற்க வேண்டும். என் தலை டேப்பைத் தொடவில்லை. "லைன் மேசைக்கு எட்டாதும்மா" என்று ஒப்பந்தக்காரரின் ஆள் சொன்னார். மேசையை இறக்கலாமே, காலடியில் ஒரு பலகை போடலாமே என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. உடம்பைத்தான் நொந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன், பி.எட். சேர்ந்தேன்.

காவலர் தேர்வுக்குத் தமிழ்நாட்டில் பெண்கள் 159 செ.மீ. இருக்க வேண்டும், பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்கள் 157 செ.மீ. கல்யாணத் தரகரின் நோட்டிலும் உயரத்துக்கு ஒரு கட்டம் உண்டு. மாப்பிள்ளையைவிடக் குறைவாக இருக்க வேண்டும், ரொம்பவும் குறைந்துவிடக் கூடாது. பெண்ணை யாரும் அளப்பதில்லை என்று சொல்ல முடியாது. அவளைத் தேர்ந்தெடுக்கவோ கழிக்கவோ வேண்டியிருக்கும்போது அளக்கிறார்கள். உடம்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க அளப்பதுதான் அபூர்வம்.

நெட்டைப் பெண்கள், குட்டைப் பையன்கள்

வளர்ச்சி மருத்துவத்தின் வரலாற்றைப் படிக்கப் போனால் முதலில் எதிர்ப்படுவது குட்டையான பெண்கள் அல்லர், நெட்டையான பெண்கள். 1950-களிலிருந்து அமெரிக்காவிலும் பிறகு ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும், மிக உயரமாக வளர்ந்துவிடுவார்கள் என்று கணிக்கப்பட்ட சிறுமிகளுக்கு அதிக அளவில் ஈஸ்ட்ரோஜன் கொடுத்தார்கள். ஈஸ்ட்ரோஜன் எலும்பு நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டுகளை மூடிவிடும். பருவம் சீக்கிரம் வரும், வளர்ச்சி நின்றுவிடும். அந்தச் சிறுமிகளுக்கு எந்த நோயும் இல்லை. நெட்டையாக இருந்தால் கணவன் கிடைக்க மாட்டான் என்ற பயம் அம்மாக்களுக்கு இருந்தது. அதை மருத்துவம் ஒரு நோயாகப் பதிவுசெய்துகொண்டது.

மெல்போர்னில் நார்மன் வெட்டன்ஹால் என்ற மருத்துவர் இதில் முன்னோடி. டை எத்தில் ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் பல சிறுமிகளுக்குக் கொடுக்கப்பட்டது. கர்ப்ப காலத்தில் இதே மருந்தை எடுத்துக்கொண்ட பெண்களின் மகள்களுக்கு அரிய வகைப் பிறப்புறுப்புப் புற்றுநோய் வருவதை 1971-இல் பாஸ்டன் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். நெட்டைச் சிறுமிகளோ வளர்ந்து நடுத்தர வயதை எட்டிய பிறகே தங்களுக்கு என்ன தரப்பட்டது என்று கேட்கத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியாவில் அமைப்பாகத் திரண்டார்கள். 2004-இல் 'லான்செட்' இதழில் அலிசன் வென் குழுவினரின் ஆய்வு வெளியானது. இந்தச் சிகிச்சை பெற்ற பெண்களுக்கு ஒவ்வொரு மாதவிடாய்ச் சுழற்சியிலும் கருத்தரிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவாக இருந்தது. நல்ல மனைவியாக்கவென்று கொடுத்த மருந்து இது.

அதே காலத்தில் பையன்களுக்கு எதிர்த்திசையில் சிகிச்சை நடந்தது. 1958-இல் பாஸ்டனில் மாரிஸ் ரேபன் என்ற மருத்துவர், மனிதப் பிணங்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த வளர்ச்சி ஹார்மோனைப் பதினேழு வயதுப் பையன் ஒருவனுக்குக் கொடுத்து அவன் வளர்ந்ததை அறிவித்தார். மாட்டின் ஹார்மோனோ பன்றியின் ஹார்மோனோ மனிதரிடம் வேலை செய்யாது. பட்டாணி அளவுள்ள அந்தச் சுரப்பியைப் பிணவறைகளிலிருந்து சேகரித்தால்தான் மருந்து. அதற்காகவே 1963-இல் அமெரிக்காவில் தேசியப் பிட்யூட்டரி முகமை உருவானது.

1984, 85-இல் இந்த ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் கை கால் தள்ளாடி, நினைவிழந்து இறந்தார்கள். மூளையை அரிக்கும் க்ராய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோய். இறந்தவர்களின் சுரப்பிகள் வழியாகத் தொற்றியிருந்தது. பிரான்சில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1985 ஏப்ரலில் அமெரிக்காவில் அந்த மருந்து நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், நுண்ணுயிரிகளுக்குள் மரபணுவைப் புகுத்தித் தயாரித்த ஹார்மோனை விற்க ஜெனன்டெக் நிறுவனத்துக்கு அனுமதி கிடைத்தது. இன்று எந்தக் குழந்தைக்கும் பிணத்திலிருந்து எடுத்த ஹார்மோன் தரப்படுவதில்லை. இதைத் தெளிவாகத் தெரிந்துகொண்ட பிறகே எனக்குத் தூக்கம் வந்தது.

ஆனால் மருந்து தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் வேறொன்று நடந்தது. வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு உண்டா என்று பார்க்க, சுரப்பியைத் தூண்டும் ஒரு மருந்தைக் கொடுத்து அரைமணிக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். உச்ச அளவு ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் குறைபாடு. மருந்துக்குப் பஞ்சம் இருந்த காலத்தில் அந்த வரம்பு 5 என்ற அளவில் இருந்தது. பிறகு 7 ஆனது, 10 ஆனது. குழந்தைகள் மாறவில்லை, கோடு மேலே போனது. 2003-இல் அமெரிக்க அரசு இன்னொரு படி போனது. எந்த நோயும் இல்லாமல் மிகக் குட்டையாக இருக்கும் குழந்தைகளுக்கும் ஊசி போடலாம் என்றது. ஆணாக இருந்தால் சுமார் 160 செ.மீ.-க்கும், பெண்ணாக இருந்தால் சுமார் 150 செ.மீ.-க்கும் கீழே நின்றுவிடக்கூடியவர்கள் என்று கணக்குச் சொன்னார்கள். அப்படி நோயில்லாத குழந்தைகள் நான்கு முதல் ஏழு ஆண்டுகள் ஊசி போட்டுக்கொண்டால் சராசரியாகக் கூடுவது 3.5 முதல் 7.5 செ.மீ. 2006-இல் வந்த ஓர் அமெரிக்கக் கணக்கின்படி ஓர் அங்குலத்துக்கு ஆன செலவு 50,000 டாலருக்கும் மேல்.

யாருக்காக இவ்வளவு செலவு? மெஸ்ஸியின் கதை எங்கள் தெருப் பையன்கள் வரை தெரியும். அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு கண்டறியப்பட்ட சிறுவன் அவர், பார்சிலோனா கிளப் சிகிச்சைச் செலவை ஏற்றது. அந்தக் கதையில் ஒரு தங்கையை வைத்துப் பார்க்க நம் மனம் போகாது. ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் வளர்ச்சி சரியில்லை என்று அனுப்பப்பட்டவர்களைப் பற்றி 2005-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ இரண்டு பையன்கள் வந்திருந்தார்கள். வந்த பெண்கள் பையன்களைவிட அதிகம் பின்தங்கியிருந்தார்கள். அவர்களில் 41 விழுக்காட்டினருக்கு உடலில் ஒரு நோய் இருந்தது. பையன்களில் அது 15 விழுக்காடு. பையன்கள் குட்டையாக இருப்பதற்காக அழைத்துவரப்பட்டார்கள், பெண்கள் நோயோடு இருந்தும் வீட்டில் விடப்பட்டார்கள்.

நான் மேசையில் தலைசாய்த்து உட்கார்ந்துவிட்டேன். அது அமெரிக்காவின் கதை என்று தள்ள முடியவில்லை. அந்தச் சனிக்கிழமை அத்தை ஊரில் இருந்திருந்தால் எங்கள் மகளும் வீட்டில்தான் இருந்திருப்பாள்.

கையின் எக்ஸ்ரே

மகளின் இடது கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்புகளின் வளர்ச்சியைப் பார்த்து எலும்பு வயதைச் சொல்வார்கள். அவளுக்கு ஒன்பது வயது என்று வந்தது. ஒப்பிட்டுப் பார்க்கும் படங்கள் 1950-இல் க்ரூலிக், பைல் என்ற இருவர் வெளியிட்ட தொகுப்பில் உள்ளவை. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வசதியான வெள்ளையர் வீட்டுக் குழந்தைகளின் கைகள். பருவ வளர்ச்சியை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் முறையோ, ஜேம்ஸ் டானர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் ஹார்ப்பெண்டன் குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகளை ஆடையின்றிப் படமெடுத்து உருவாக்கியது. பெற்றோருடன் இல்லாத பிள்ளைகள் அவர்கள். அவர்களிடம் யார் அனுமதி கேட்டிருப்பார்கள் என்று யோசித்தேன். என் மகளுக்கு உதவப்போகும் அறிவு இப்படியும் வந்திருக்கிறது.

உயர வரைபடம் மட்டும் நம்முடையது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-இல் வெளியிட்டது. எனவே "வெள்ளக்காரன் கணக்குல நம்ம புள்ள குட்டையாத்தான் தெரியும்" என்று இணையர் சொன்ன சமாதானம் நிற்கவில்லை. பெற்றோரின் உயரத்தைக் கூட்டி, பெண்ணானால் 13-ஐக் கழித்து, இரண்டால் வகுத்தால் எதிர்பார்க்கும் உயரம் வரும். இணையர் 170, நான் 148. மகளுக்கு வர வேண்டியது 152.5 செ.மீ. அவள் போகும் போக்கில் 140-ஐத் தொடுவதே கடினம் என்றார் மருத்துவர். "உன்ன மாதிரி" என்பதும் உண்மையில்லை என்று ஆயிற்று.

காலம் ஏன் குறைவு என்பதையும் அவர் விளக்கினார். பெண் குழந்தைகள் வேகமாக வளர்வது வயதுக்கு வருவதற்கு முன்னால். வந்த பிறகு சில செ.மீ. மட்டுமே கூடும். தட்டுகள் மூடிவிட்டால் எந்த ஊசியும் பயன்படாது. மூடுவது ஈஸ்ட்ரோஜன், ஆண்களின் எலும்பிலும் அதுதான். 1994-இல், ஈஸ்ட்ரோஜனை உணரும் அமைப்பு வேலை செய்யாத 28 வயது ஆண் ஒருவரைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். 204 செ.மீ. உயரம், தட்டுகள் மூடவே இல்லை. பெண் ஹார்மோன், ஆண் ஹார்மோன் என்று நான் வகுப்பில் கேட்டு வளர்ந்த பிரிவினை என் மகளின் எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கலைந்துபோனது.

சோறும் ஊசியும்

ஸ்ரீபெரும்புதூர் கடைவீதியில் கொரிய எழுத்தில் பலகை மாட்டிய உணவகங்கள் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் உற்பத்தி தொடங்கியபின் வந்தவை. 1896 முதல் 1996 வரை பிறந்தவர்களின் உயரத்தை நாடுவாரியாக ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2016-இல் வந்தது. உலகிலேயே அதிகம் வளர்ந்தவர்கள் தென்கொரியப் பெண்கள், நூறு ஆண்டுகளில் 20.2 செ.மீ. இந்தியப் பெண்கள் ஏறத்தாழ 5 செ.மீ. மட்டும் வளர்ந்தார்கள், சராசரி 152.6 செ.மீ. கொரியப் பாட்டிக்கும் பேத்திக்கும் இடையே மரபணு மாறிவிடவில்லை. சோறு, சுத்தமான தண்ணீர், நோயற்ற குழந்தைப் பருவம் ஆகியவை மாறின.

இந்தியக் குழந்தைகள் ஏன் குட்டையாக இருக்கிறார்கள் என்று சீமா ஜெயச்சந்திரன், ரோஹிணி பாண்டே இருவரும் 2017-இல் எழுதிய ஆய்வு இன்னும் உள்ளே போகிறது. ஆப்பிரிக்காவின் சஹாராவுக்குத் தெற்கேயுள்ள நாடுகளோடு ஒப்பிட்டார்கள். தலைச்சன் குழந்தைகளிடம் நாம் பின்தங்கவில்லை. அடுத்தடுத்த குழந்தைகளிடம் இடைவெளி விரிகிறது. மூத்த மகன்மேல் உள்ள ஆசையே பெரிய காரணம் என்கிறார்கள். இதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டுச் சமையலறையை யோசித்தேன். முட்டை இரண்டு பேருக்கும் உண்டு. ஆனால் இரவில் பால் குறைந்தால் யாருடைய டம்ளர் குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

1982-இல் சத்துணவுத் திட்டம், 2022-இல் காலை உணவுத் திட்டம் என்று இந்த மாநிலம் பிள்ளைகளின் தட்டைப் பற்றி யோசித்திருக்கிறது. வளர்ந்து ஆலைக்குப் போன பெண்களின் தட்டு வேறு கதை. 2021 டிசம்பரில் இதே தடத்தில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் 150-க்கும் மேற்பட்டோர் விடுதி உணவால் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தோழிகள் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்த பிறகே அந்தச் சோறு செய்தியானது.

எனவே முதலில் சோற்றையும் நோயையும் பார்த்துவிடுங்கள் என்று மருத்துவரிடம் நானே கேட்டேன். அவர் ஏற்கெனவே எழுதியிருந்தார். ரத்தசோகை இருந்தது, சரிசெய்தோம். தைராய்டு சரி. கோதுமை ஒவ்வாமை இல்லை. குட்டையாக இருக்கும் எந்தப் பெண் குழந்தைக்கும் குரோமோசோம் பரிசோதனை செய்ய வேண்டும் என்றார். ஏறத்தாழ 2,000 பெண்களில் ஒருவருக்கு இருக்கும் டர்னர் நிலை, "அம்மா மாதிரி" என்ற பேச்சில் பல ஆண்டுகள் மறைந்துவிடுமாம். அதுவும் இல்லை. கடைசியில் தூண்டல் சோதனை, வெறும் வயிற்றில், வெவ்வேறு நாட்களில் இரண்டு முறை. உச்ச அளவு ஒன்றில் 3.2, மற்றதில் 4.1. பத்து என்ற இன்றைய கோட்டை விடுங்கள், மருந்துக்குப் பஞ்சம் இருந்த காலத்துக் கோட்டுக்கும் கீழே.

எனக்கு முடிவு தெளிந்தது அங்கேதான். 8, 9 என்று வந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன் என்றே நினைக்கிறேன். ஐந்து செ.மீ.-க்காக ஆயிரம் ஊசி போட்டு, நீ இப்படி இருப்பது தப்பு என்று தினமும் இரவு ஒரு குழந்தைக்குச் சொல்லிக்கொண்டிருக்க நான் தயாராக இல்லை. இவளுக்கோ உடம்பில் ஒன்று குறைகிறது. உயரத்துக்கு மட்டுமல்ல, தசைக்கும் எலும்பு பலத்துக்கும் வேண்டிய ஒன்று. நெட்டைப் பெண்களுக்கு நடந்த அநியாயத்தைக் காட்டி இவளுக்கு மருந்தை மறுத்தால் அதுவும் அநியாயம். பெண்ணுடம்பில் மருத்துவம் கைவைக்கும்போது சந்தேகப்படக் கற்றுக்கொண்ட நாம், அது கைவைக்காமல் விடும்போதும் அதே சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது.

எங்கள் முடிவு

வீட்டில் சண்டை நடந்தது. மகனுக்கென்றால் தன் வளையலைக் கழற்றித் தருவதாகச் சொன்ன அத்தை, "பொண்ணு தானே, நாளைக்கு வயசுக்கு வந்துட்டா நின்னுடும். அந்தக் காச சேத்து வச்சா நகையாச்சும் ஆகும்" என்றார். இணையர் பேசாமல் இருந்தார். அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மருந்து மாதம் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல், எடை கூடினால் அளவும் கூடும். 2017-இல் 21,000 ரூபாய் என்று வைத்த சம்பள வரம்பை அவர் தாண்டிவிட்டதால் ஈ.எஸ்.ஐ. கிடையாது. கம்பெனி காப்பீடு படுக்கையில் சேர்ந்தால்தான். மனை வாங்கக் கட்டிக்கொண்டிருந்த சீட்டை எடுப்பதா என்பதே கேள்வி. "பையனுக்கு இதே ரிசல்ட் வந்திருந்தா எத்தன நாள் யோசிச்சிருப்பீங்க?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மறுவாரம் சீட்டை எடுத்துவிட்டு வந்து ரசீதை மேசையில் வைத்தார்.

பக்கவிளைவுகளையும் கேட்டுக்கொண்டோம். தலைவலி நீடித்தால், பார்வை மங்கினால், இடுப்போ முட்டியோ வலித்து நொண்டினால் உடனே வர வேண்டும். சர்க்கரையும் தைராய்டும் அவ்வப்போது பார்க்க வேண்டும். குழந்தையாக இருந்தபோது இந்த ஊசி போட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஐரோப்பிய ஆய்வு ஒன்று 2020-இல் வெளிவந்தது. எங்கள் மகளைப் போல இந்த ஒரு ஹார்மோன் மட்டும் குறைந்தவர்களிடம் இறப்பு விகிதம் கூடவில்லை என்றது. அவளுக்கு மூளை ஸ்கேனும் எடுத்துப் பார்த்தார்கள், கட்டி எதுவும் இல்லை.

மிச்சமிருந்தது மகள்தான். நாங்கள் பேசியதையெல்லாம் அறைக்குள்ளிருந்து கேட்டிருக்கிறாள். பக்கத்தில் உட்காரவைத்து, உன் உடம்பில் ஒன்று குறைவாகச் சுரக்கிறது, அதை ஊசியாகப் போடலாம், சில வருஷம் தினமும் போடணும், வேண்டாம்னாலும் சொல்லலாம் என்றேன்.

"போட்டா அண்ணன் அளவு வருவேனா?"

"மாட்ட. என்னைவிடக் கொஞ்சம் வரலாம். அதுவும் நிச்சயம் கிடையாது."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "போடாட்டி நான் அசிங்கமா இருப்பேனா?"

"இல்ல."

"அப்ப எதுக்கும்மா போடணும்?"

இந்தக் கேள்விக்கு அத்தனை புத்தகங்களிலும் எனக்கு ஒரு வரி கிடைக்கவில்லை. ரத்தசோகைக்கு ஏன் மாத்திரை சாப்பிட்டாய் என்று கேட்டேன். படியேறினால் மூச்சு வாங்கியது, அதனால் என்றாள். இதுவும் அப்படித்தான், உன் எலும்புக்கும் தசைக்கும் வேண்டியது கிடைக்கவில்லை, உயரம் அதோடு சேர்ந்து வருவது என்றேன். இரண்டு நாள் கழித்து வந்து, போட்டுக்கொள்வதாகச் சொன்னாள். யார் வீட்டுக்கு வந்தாலும் அவர்களிடம் இதைச் சொல்லக் கூடாது, அவளே சொன்னால் சரி. இது அவள் போட்ட நிபந்தனை. இந்தக் கட்டுரையை அவளிடம் படித்துக்காட்டி, அவள் சரி என்ற பிறகே அனுப்பினேன். இரண்டு இடங்களை நீக்கச் சொன்னாள், நீக்கிவிட்டேன்.

தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பேனா ஊசி. முதல் மாதம் நான் போட்டேன், இப்போது தொடையில் அவளே போட்டுக்கொள்கிறாள். மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் பிள்ளைப்பாக்கம் ஏரி நிரம்பும் நாட்களில் கரண்ட் போனால், எதிர்வீட்டில் தங்கியிருக்கும் ஆலைப் பெண்களின் இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிரிட்ஜுக்கு அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். என்ன மருந்து என்று அவர்கள் கேட்டதற்கு மகளே விளக்கம் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், தன்னை இரண்டு செ.மீ. குறைவென்று ஓர் இடத்தில் வேலைக்கு எடுக்கவில்லை என்று சொல்லிச் சிரித்தாள்.

ஏழு மாதத்தில் 5 செ.மீ. வளர்ந்திருக்கிறாள். மகனும் வளரத் தொடங்கிவிட்டான், எந்த மருந்தும் இல்லாமல். கதவு நிலையில் இடப்பக்கம் அவன் கோடுகள், வலப்பக்கம் இவளுடையவை மூன்று. முதல் கோட்டை இணையர் போட்டார், அடுத்த இரண்டையும் அவளே அண்ணனை நிற்கவைத்து ஸ்கேல் பிடிக்கச் சொல்லிப் போட்டாள். பொங்கலுக்குப் பெயின்ட் அடிக்கப் போவதாக வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். இருவர் கணக்கையும் ஒரே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அவள் பக்கத்தில், பத்து வயதுக்கு முந்தைய இடம் வெறுமையாக இருக்கிறது.